மாத்திரைக் கவரில் ஒரு சூரியன்

...இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம், எங்கே, எந்தக் கல்யாணத்தில், எந்த பஸ்ஸில், என்று கலையரசி பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கோடியை ஓரக்கண்ணால் மேய்ந்துகொண்டிருந்தாள், பச்சைப் புடவை, முப்பத்தைந்து வயது இருக்கும், மடியில் ஃபைல், ஃபைலின் மேல் இரண்டு கையும், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்பது போல... தியாகதுருகத்தில் ஒரு மெடிக்கல் கடையின் கவுண்டருக்குப் பின்னால் எட்டு வருஷம் நின்றவளுக்கு ஒரு முகம் பிடிபடாமல் போவதென்றால் அது மானப் பிரச்சினை. ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், எந்தப் பெரிய மனுஷர் மாத்திரை இல்லாமல் தூங்குவதில்லை, எந்த வீட்டு மருமகள் ஜுர மாத்திரைக்கு நடுவில் வேறு என்னத்தை ஒளித்து வாங்கிக்கொண்டு போனாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே சொல்ல மாட்டாள். அதாவது, எல்லோரிடமும் சொல்ல மாட்டாள்.

கள்ளக்குறிச்சியில் சேலம் போகிற ரோட்டில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட் வேலைக்கு இருந்தது ஒரே ஒரு இடம், வந்திருந்தது ஏழு பேர், அதில் ஐந்து பேர் உள்ளே போய் வெளியே வந்தாகிவிட்டது, மிச்சம் இவளும் அந்தப் பச்சைப் புடவையும்தான். காலை ஒன்பது மணியிலிருந்து மற்ற ஐந்து பேரின் ஜாதகத்தையும் கறந்து வைத்திருந்தாள் கலையரசி. பகலவன் என்று ஒரு பையன், பி.பார்ம், யுனிவர்சிட்டியில் மெடல், நெற்றியில் விபூதி, ஷூவில் மட்டும் நேற்றைய மழைச் சேறு. அவன் வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டி, தம்பி இன்னா கேட்டாங்க என்று இவள் பிடித்துக்கொண்டாள். அவன் பாவம், மருந்துகளைப் பற்றி எதுவுமே கேட்கவில்லையே என்று அழாத குறையாகச் சொன்னான். உள்ளே நாராயணசாமி என்று ஒரு வயதானவர், ஆஸ்பத்திரியின் தலைமை பார்மசிஸ்டாம், சர்டிபிகேட்டை எல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, வேலையில நீங்க பண்ண தப்பு ஒண்ணு சொல்லுங்க என்று மட்டும் கேட்டாராம். நான் தப்பே பண்ணது இல்ல சார்னு சொன்னேன், சரி போய்ட்டு வாங்கன்னுட்டார் என்றான் பகலவன். அடப்பாவி, மெடல் வாங்கினவனுக்கு இதுகூடத் தெரியாதா... கேள்வி முன்னாலேயே கிடைத்ததும் கலையரசி அதற்கென்று ஒரு அழகான தப்பைத் தயார் பண்ணிவிட்டாள்: வேலையில மூழ்கிட்டா சாப்புட மறந்துடுவேன் சார், அதுதான் சார் என்னோட தப்பு. சொல்லும்போது லேசாகத் தலை குனிய வேண்டும், அவ்வளவுதான். பாத்ரூம் கண்ணாடியில் ஒரு முறை குனிந்தும் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் இந்த முகம், இந்த முகம்... பச்சைப் புடவைக்காரி மேலே சுற்றும் ஃபேனை ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தாள், நேராக, சிரிக்காமல், போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி, அப்போது பிடிபட்டுவிட்டது கலையரசிக்கு. சுவர்! கடைச் சுவர்! லட்சுமி படத்துக்கும் டிரக் லைசென்ஸுக்கும் நடுவில் ஃபிரேம் போட்டுத் தொங்கும் பார்மசிஸ்ட் சர்டிபிகேட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் பாஸ்போர்ட் போட்டோ. அருள்மொழி. பேர்கூட ஞாபகம் இருக்கிறது, மறக்குமா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கிற அதே துணியால் அந்தக் கண்ணாடியையும் துடைத்து, வரிசையில் இருக்கிறதே என்று ஊதுபத்திப் புகையையும் அதற்கு ஒரு சுற்றுக் காட்டிவந்தவள் ஆயிற்றே. கடைக்காரர் தீனதயாளனுக்குப் படிப்பு கிடையாது, லைசென்ஸ் வேண்டுமென்றால் படித்தவர் ஒருவர் பேரில்தான் எடுக்க வேண்டும், அதற்காக வாடகைக்குப் பிடித்த சர்டிபிகேட் அது, ஆள் வர மாட்டார், சர்டிபிகேட் மட்டும் வந்து சுவரில் தொங்கும். ஊரில் இல்லாத வழக்கமா? ஆய்வுக்கு யாராவது வந்தால், மேடம் இப்பத்தான் சாப்புடப் போனாங்க சார் என்று சொல்வது கலையரசியின் வேலை. எத்தனை தடவைதான் சாப்பிடப் போவாள் மேடம், அதனால் கலையரசி போகப் போக மேடத்துக்கு ஒரு குடும்பமே ஏற்படுத்திக் கொடுத்திருந்தாள், இரண்டு பிரசவம், இரண்டும் ஆண், மாமனார் சாவு, நாத்தனார் கல்யாணம், போன வருஷம் திருப்பதி... அந்த மேடம் இப்போது உயிரோடு, பச்சைப் புடவையில், நான்கடி தள்ளி உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடிக்கிறாள்.

விடுவாளா கலையரசி. தண்ணீர் குடிக்க எழுந்து போகிற மாதிரி அந்தப் பக்கமாக நடந்து, திரும்பி வரும்போது அருள்மொழி எதையோ தேடத் திறந்த ஃபைலில் ஒரு பார்வை விட்டாள், ஒரே பார்வைதான், மருந்துச் சீட்டில் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலையே தலைகீழாகப் படிக்கத் தெரிந்தவளுக்கு அது போதும். மேலே இருந்தது தீனதயாளன் கடை லெட்டர்ஹெட். கீழே அவருடைய கையெழுத்து, கடைசியில் இரண்டு புள்ளி, அந்த இரண்டு புள்ளியும் அவருக்கே உரியது. நடுவில், மேற்படியார் எமது நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் பார்மசிஸ்டாகச் சிறப்புறப் பணியாற்றினார். சிறப்புற! கலையரசிக்குக் காது சூடாகிவிட்டது. பெஞ்சில் வந்து உட்கார்ந்து தன் ஃபைலைத் திறந்து பார்த்தாள், பார்க்க என்ன இருக்கிறது, அதே லெட்டர்ஹெட், அதே இரண்டு புள்ளி, விற்பனை உதவியாளர். நின்றது யார்? கால் வீங்க வீங்க நின்றது யார்? முதல் ஆறு வருஷம் பிளஸ் டூவோடு நின்றாள், சரி, ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அதற்கப்புறம் காலையில் காலேஜ், சாயங்காலம் கடை என்று முப்பது வயசுக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து டி.பார்ம் முடித்து, பார்மசி கவுன்சிலில் பதிவும் பண்ணிக்கொண்டு போய் நின்றபோது தீனதயாளன் என்ன சொன்னார்? இப்ப எதுக்கும்மா லைசென்ஸ மாத்திக்கினு, அது பெரிய வேலை, மாட்டியிருக்கறது மாட்டியிருக்கட்டும், அப்புறம் பாக்கலாம். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால்தானே இன்றைக்கு இருக்கிற ஒரே பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு வார்த்தை போதும். உள்ளே போய், சார், வெளியில உக்காந்துக்கினு இருக்கறவங்க கவுண்டர் பக்கமே வந்தது இல்ல சார், எட்டு வருஷமா சுவத்துல தொங்கினவங்க... என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வழுக்கிக்கொண்டு போகும். வாழ்நாளில் எத்தனையோ சேதியை எத்தனையோ காதில் போட்டிருக்கிறாள், இப்படி ஒன்று, இவ்வளவு கொழுத்தது, இவ்வளவு நியாயமானது, கையில் சிக்கியதே இல்லை. நாக்கு நுனியில் வந்து நின்றது. பேசாமல் நின்றால் பரவாயில்லை, பின்னாலேயே இன்னொரு கேள்வியையும் இழுத்துக்கொண்டு வந்தது: அவங்க வரலன்னா மருந்து குடுத்தது யாரும்மா? அதற்கு என்ன சொல்வாய் கலையரசி? நான்தான் சார், படிக்காமயே ஆறு வருஷம், என்றா? அவள் படம், உன் கை. அவளைக் கீழே இறக்கினால் நீயும் சேர்ந்துதானே இறங்குவாய்... சே, நல்ல சேதிக்கு இப்படி ஒரு வால் இருக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெஞ்சின் நடுவில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள், ஃபேனுக்கு நேர் கீழே, உட்கார்ந்தாள் என்பதைவிடச் சாய்ந்தாள் என்று சொல்லலாம். ஐம்பது வயது இருக்கும், கெட்டியான உடம்பு, காலில் செம்மண், கையில் மஞ்சள் துணிப்பை. முகமெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது, விரல்கள் தந்தி அடித்துக்கொண்டிருந்தன. கூட வந்த தம்பி மகன் சீட்டுப் போட வரிசையில் நிற்கிறானாம், கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்தார்களாம், கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம், காலையில் காட்டில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். இதையெல்லாம் கலையரசி கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அந்த அம்மாவே சொன்னாள், இவளைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கி, நீ தியாகதுருகத்துக் கடைப் பொண்ணுதான, என்றும் கேட்டாள். பாவாயி! தங்கச்சி மகளைத் தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், இரண்டு மாசத்துக்கு முன்னால் அங்கே வந்து தங்கியிருந்தபோது டாக்டர் சீட்டோடு கடைக்கு வந்தவள். கலையரசிக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா அருள்மொழி, மலை மேலிருந்து வருகிறவளுக்குக்கூட என்னைத் தெரிகிறது, உன்னை யாருக்குத் தெரியும்? மலை பஸ்ஸு, கொண்டை ஊசி வளைவு, வெறும் பித்தம்தாம்மா, எலுமிச்சம்பழத்த மோந்தா சரியாப் பூடும், என்று அந்தக் கோடிக்கும் கேட்கிற மாதிரி எடுத்துச் சொன்னாள்.

பாவாயி மஞ்சள் பையிலிருந்து மாத்திரைக் கவரை எடுத்து நீட்டினாள். கடைப் பேர் அச்சடித்த கவர்தான், கலையரசியின் சூரியன்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவளே கண்டுபிடித்த முறை அது, காலை மாத்திரைக்கு இரண்டு மலைக்கு நடுவில் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை நிலா. தேர்தல் வந்தால் தீனதயாளன் பதறுவார், மலைய எடுத்துடும்மா, வெறும் வட்டமாப் போடு, கடை எந்தக் கட்சின்னு கேக்கறாங்க என்பார், இவள் கேட்க மாட்டாள், மலையில்லாத சூரியன் தோசை மாதிரி இருக்கும். ஒவ்வொரு கவரிலும் ஏழு கதிர், ஒன்றுகூடக் குறையாது. காலேஜில் ஒரு வாத்தியார்கூட இதைச் சொல்லித்தரவில்லை, இதற்கெல்லாம் எந்த யுனிவர்சிட்டியில் மெடல் தருகிறார்கள்? உள்ளே மாத்திரையைப் பார்த்தாள், சர்க்கரை மாத்திரை, காலை ஒன்று ராத்திரி ஒன்று, எண்ணிக்கையும் சரி. எல்லாம் சரியாத்தான் போட்டுக்கினு வர்றீங்க, மாத்திரையில ஒரு குத்தமும் இல்ல, என்று கவரை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போதுதான் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது, சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிற மாதிரி ஒரு குரல்.

"யம்மா, மாத்திரை போட்டதுக்கு அப்புறம் எத்தினி நேரம் கழிச்சுச் சாப்புடுவீங்க?"

பாவாயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இதென்ன கேள்வி என்பது போலச் சிரிக்கவும் சிரித்தாள், அந்த நடுக்கத்திலும்.

"அது இன்னா, சூரியன் மலை மேல எட்டிப் பாத்ததும் ஒண்ண முழுங்கிடுவன். அந்தப் பொண்ணு போட்டுக் குடுத்த மாதிரியே. ஒரு நாளு தப்புனது இல்ல. அப்பால காட்டுக்குப் போவன். வந்து களி திங்க பதனோரு மணி ஆவும்."

இன்னிக்கு? என்று கேட்டாள் அருள்மொழி. இன்னிக்கு எங்கம்மா திங்கறது, இருட்டுலயே பஸ் ஏறணும், வர்ற வழியில சூரியன் வந்துச்சு, போட்டுக்கினன், என்றாள் பாவாயி. அருள்மொழி கடிகாரத்தைப் பார்த்தாள், மணி பத்தே முக்கால், ஃபைல் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அதை எடுக்கக்கூட இல்லை, ஏங்க உங்ககிட்ட இனிப்பு ஏதாவது இருக்கா என்று கலையரசியைப் பார்த்துக் கேட்டாள், கேட்டவளின் கண்ணில் கேலி இல்லை, கெட்டிக்காரத்தனம் இல்லை, பயம்தான் இருந்தது. கலையரசியின் கைப்பையில் எப்போதும் தேன் மிட்டாய் இருக்கும், ஊசிக்கு அழும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக, அவள் அள்ளி எடுத்து ஒவ்வொன்றாக பாவாயியின் வாயில் போட்டாள், அருள்மொழி எதிர் கேண்டீனுக்கு ஓடிப்போய் சர்க்கரையைக் கொட்டிய டீயை ஆற்றிக்கொண்டே வந்தாள், வழியில் நர்ஸ் ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, நல்ல வேளை, இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா மயக்கமே போட்டிருப்பாங்க, சுகர் ரொம்பக் கம்மியா இருக்கு என்றாள். கால் மணி நேரத்தில் பாவாயியின் விரல்கள் தந்தி அடிப்பதை நிறுத்திவிட்டன, இன்னொரு மிட்டாய் இருக்கா என்றுகூடக் கேட்டாள், நர்ஸ் அவளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், போகும்போது பாவாயி, அந்த சூரியன் போட்ட பொண்ணு நல்ல பொண்ணு என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே போனது இன்னும் மோசம்.

மாமியாருக்கும் இதே மாத்திரைதாங்க, என்று அருள்மொழி யாரும் கேட்காமலேயே சொன்னாள், கீழே விழுந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே. மாத்திரையக் குடுத்துட்டு இட்லி வேக லேட்டாச்சுன்னா கை நடுங்கும், அப்படித்தாங்க தெரியும், மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. கலையரசிக்கு அந்த இரண்டு மாசத்துக்கு முந்தைய சாயங்காலம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. எத்தனை கேள்வி கேட்டாள் அன்றைக்கு பாவாயியிடம்! தங்கச்சி மகளைக் கட்டியவன் குடிப்பானா, மலையில் ஒரு ஏக்கர் சாமை என்ன விளையும், கடுக்காய் பொறுக்கப் போவீர்களா, கழுத்தில் இருக்கிறது கவரிங்கா தங்கமா, உங்கள் ஊரில் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடினால் பஞ்சாயத்தில் என்ன செய்வார்கள்... அத்தனையும் கேட்டாள், பாவாயியும் அத்தனைக்கும் பதில் சொன்னாள், நடுவில் எங்கேயோ சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க என்று பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேரைச் சொல்லுகிற வேகத்தில் இவள் வாய் சொல்லிவிட்டுப் போயிருக்கும், போகாமல் இருக்காது. ஆனால் கையில் கொடுத்தனுப்பியது சூரியன். பாவாயி படித்தது சூரியனை. நீ காலை என்று எதை நினைத்தாய் கலையரசி? எட்டு மணி, இட்லி, சட்னி. மலையில் காலை என்றால் என்ன என்று கேட்கத் தோன்றியதா? மலையிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேருக்கு இப்படி ஏழு கதிரோடு வரைந்து கொடுத்திருக்கிறாய்? அவர்களெல்லாம் இப்போது எந்தக் காட்டில், எந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்... இன்னொன்றும் உறைத்தது. சட்டப்படி பார்த்தால் அந்த மாத்திரையை பாவாயிக்குக் கொடுத்தது இவளே இல்லை. சுவரில் தொங்குகிறவள். பாவாயிக்கு ஏதாவது ஆகியிருந்தால் வீட்டில் இட்லி வேகவைத்துக்கொண்டிருந்த இந்தப் பச்சைப் புடவையைத் தேடித்தான் போலீஸ் போயிருக்கும். அது அவளுக்குத் தெரியுமா? கவரைப் பார்த்தாளே, கடைப் பேரைப் படித்திருப்பாளா?

கலையரசி, உள்ள வாங்க, என்று கூப்பிட்டார்கள்.

அறை சின்னது, நாராயணசாமி அதைவிடச் சின்னதாக, தலை முழுக்க வெள்ளையாக, மேஜையில் இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இரண்டிலும் தீனதயாளனின் லெட்டர்ஹெட் நகல். பார்த்ததுமே புரிந்துவிட்டது, இந்த ஆள் தலைகீழாக இல்லை, நேராகவே படிக்கிறவர். உட்காருங்க என்றார், கையில இன்னாம்மா ஒட்டிக்கினு இருக்கு என்றார், தேன் மிட்டாய் சார் என்றாள், உடனே அவர் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். வேலையில் செய்த தப்பு ஒன்று. பதில் தயாராக இருக்கிறதே, வேலையில மூழ்கிட்டா சாப்புட மறந்துடுவேன் சார், குனிய வேண்டிய தலைகூடத் தயார், ஆனால் சாப்புட என்ற வார்த்தை வாய்க்குள் வந்ததும் பாவாயியின் முகம் வந்துவிட்டது, களி திங்க பதனோரு மணி ஆவும், வாய் தானாகத் திறந்துகொண்டது, இந்த வாய் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. சொன்னாள். சூரியனைச் சொன்னாள், இரண்டு மலையைச் சொன்னாள், பித்தம் என்று சொன்னதைச் சொன்னாள், மாத்திரையில் குத்தமில்லை என்று கவரை மடித்துக் கொடுத்ததைச் சொன்னாள், ஊரில் யாரைப் பற்றியாவது சொல்லும்போது எப்படிக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வாளோ அப்படியே, ஒன்றையும் விடாமல். பாதியில்தான் உறைத்தது, இவ்வளவு நேரமாக இவள் கோள் மூட்டிக்கொண்டிருந்தது தன்னைப் பற்றியே.

எப்ப நடந்தது இது என்று கேட்டார். இப்பத்தான் சார், வெளியில, பெஞ்சுல. அவர் பேனாவை எடுத்தார், எழுதவில்லை, இரண்டு ஃபைலையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே கடை, ஒரே எட்டு வருஷம். ஒருத்தர் பார்மசிஸ்ட், ஒருத்தர் உதவியாளர். நீங்க சொல்லுங்க, அவங்க எப்படி?"

வந்துவிட்டது. தட்டில் வைத்து, தண்ணீர் தெளித்து, சாப்பிடு என்று நீட்டுகிறார் மனுஷர். நாக்கு நுனியில் இருந்தது அங்கேயேதான் இருந்தது, எட்டு வருஷமா சுவத்துல... ஏன் வரவில்லை? பயமா, அந்த வாலுக்குப் பயந்தா? கொஞ்சம் அதுவும்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது மட்டும் இல்லையே...

"எப்ப சாப்புடுவீங்கன்னு கேப்பாங்க சார். எனக்கு அது கேக்கத் தோணல."

"எட்டு வருஷமா கேட்டாங்களா?"

"இன்னிக்குக் கேட்டாங்க சார்."

நாராயணசாமி இரண்டு ஃபைலையும் மூடி வைத்தார். இந்த ஊர் மெடிக்கல் கடைச் சுவர்களைப் பற்றி இவருக்குத் தெரியாததா... பிறகு ஒரு வெள்ளைக் கவரையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். சாப்பாட்ட எப்படிப் படமாப் போடுவீங்க, அந்தம்மாவுக்குப் புரியறாப்ல, போட்டுக் காட்டுங்க. கலையரசி சூரியனை முதலில் போட்டாள், கை பழக்கம், பிறகு யோசித்து அதை அடித்துவிட்டு, ஒரு கிண்ணம், கிண்ணத்தில் களி உருண்டை, பக்கத்தில் மாத்திரை. போட்டு முடித்ததும் அவர் எட்டிப் பார்த்து, இது சொம்பு மேல தேங்கா வெச்சாப்ல இருக்கே, கல்யாணப் பத்திரிகை குடுத்துட்டாங்கன்னு நினைச்சுக்கும் அந்தம்மா, என்றார். சிரிக்கவில்லை. ஆனால் கவரைத் திருப்பித் தராமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார். நாளைக்கு போன் பண்ணுவாங்க, வெளியில இருக்கறவங்கள வரச் சொல்லுங்க.

அருள்மொழி உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, ஒரு கை அகலத்துக்கு இடைவெளி, பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தால் கேட்கும். கலையரசி நகர்ந்தாள், நகராமல் இருப்பாளா. அவங்களத் தெரியுமா, அந்தக் கலையரசி, என்று நாராயணசாமி கேட்டதுவரை கேட்டது, அதற்குள் டோக்கன் நம்பர் ஐம்பத்தேழு என்று மைக்கில் ஒருத்தி கத்த ஆரம்பித்துவிட்டாள், ஐம்பத்தேழு வரவில்லை, ஐம்பத்தெட்டு, அதுவும் வரவில்லை, பாழாய்ப்போன ஐம்பத்தெட்டு எங்கே போய்த் தொலைந்ததோ. எழுந்துபோய்க் கதவில் காதை வைக்கலாம். வைக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்த அருள்மொழியின் கண் சிவந்திருந்தது, உங்களப் பத்திக் கேட்டாருங்க, உண்மையச் சொல்லிட்டேன், என்றாள். எந்த உண்மையை? இருப்பதில் எத்தனை உண்மை! கவுண்டரில் நின்றதெல்லாம் இவள்தான் என்ற உண்மையா, ஆறு வருஷம் படிக்காமல் நின்றாள் என்ற உண்மையா, நான் சுவரில்தான் இருந்தேன் என்பதா... கலையரசிக்குத் தொண்டை வரை வந்தது கேள்வி. பஸ்ஸுக்கு நேரமாச்சு வாங்க, என்று மட்டும் வந்தது வெளியே.

இரண்டு பேருக்கும் உளுந்தூர்பேட்டை பஸ்தான், அருள்மொழிக்கு களமருதூர், கலையரசிக்கு அதற்கு முன்னாலேயே தியாகதுருகம், எட்டு வருஷமாக ஒரே ரோட்டில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறார்கள். ஜன்னலோர சீட்டை அருள்மொழிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பசங்க எத்தினி என்று கேட்டாள், அதையாவது கேட்காமல் எப்படி இருப்பது. ஒரே பொண்ணுங்க, ஆறாவது படிக்கிறா. கலையரசி மனசுக்குள் அந்த இரண்டு ஆண் பிள்ளைகளையும் திருப்பி எடுத்துக்கொண்டாள். மாமனார்? நல்லா இருக்காருங்க. சரி, அவரையும் எழுப்பி உட்காரவைத்தாயிற்று. திருப்பதி? போனதே இல்லீங்க, மாமியாரை வுட்டுட்டு எங்க போறது, போன மாசம்தான் அவங்க தவறினாங்க, அதுக்கப்புறம்தான் வூட்டுக்காரர்கிட்ட, சர்டிபிகேட்ட வாடகைக்குக் குடுத்தது போதும், நான் வேலைக்குப் போறேன்னு சண்டை போட்டேன்... என்றுவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல அருள்மொழி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓ, அப்படியானால் நான் எந்தக் கடை என்று இவளுக்கும் தெரிந்திருக்கிறது, கவரில் கடைப் பேரைப் படித்துத்தான் இருக்கிறாள். கரும்பு லாரி ஒன்றை பஸ் தாண்டியது. கோட்டை மலை தெரிந்தது. கண்டக்டர் தியாகதுருகம் தியாகதுருகம் என்று அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போனார், கலையரசி எழுந்தாள், போன் வந்தா சொல்லுங்க, யாருக்கு வந்தாலும், என்றாள், அதைக்கூட அவள் உண்மையாகவேதான் சொன்னாள், சொன்ன பிறகுதான் ஆச்சரியமாக இருந்தது. படிவரை போயிருப்பாள்.

"அந்தக் கடை எங்க இருக்குங்க? நான் பாத்ததே இல்ல."

அருள்மொழி பின்னாலேயே இறங்கிவிட்டிருந்தாள், களமருதூருக்கு எடுத்த டிக்கெட் கையிலேயே இருந்தது. வாங்க காட்டறேன், என்று முன்னால் நடந்தாள் கலையரசி, நடக்க நடக்கக் கூச்சமாக இருந்தது, அந்தக் கண்ணாடியில் ஊதுபத்திப் புகை படிந்து போட்டோவின் கன்னத்தில் கறுப்பாக ஒரு திட்டு இருக்குமே, நேற்று வெள்ளிக்கிழமை, இன்டர்வியூ நினைப்பில் துடைக்காமல் விட்டுவிட்டோமே, தீனதயாளன் அருள்மொழியை நேரில் பார்த்ததும் பேய் பார்த்த மாதிரி நிற்பாரே, அந்த முகத்தைப் பார்க்கவே பஸ் ஏறி வரலாமே... இவள் ஃபிரேமோடு கழற்றிக்கொண்டு போய்விட்டால் அங்கே லட்சுமிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி காலியாக நிற்கும். அது யாருக்கு? நாளைக்கு போன் வந்தால், வராவிட்டால்... தோளில் தொங்கிய பை இடுப்பில் இடித்தது, உள்ளே பிளாஸ்டிக் உறையில், வாங்கிய நாளிலிருந்து மடிப்புக் கலையாமல், அவளுடைய சர்டிபிகேட். இந்த எட்டு வருஷத்தில் எத்தனை பேர் வீட்டுச் சமாசாரம் தெரியும் அவளுக்கு, யார் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்பதுவரை தெரியும். இது எங்கே தொங்கப் போகிறது என்று மட்டும், இந்த நிமிஷம் வரை, அவள் தன்னைக் கேட்டதே இல்லை.